தீர்த்தகிரி மாட்டிய சென்சார்

தனக்குத் தெரியாத வேலை உலகத்தில் இல்லை என்று நாகமரை கிராமத்துத் தீர்த்தகிரி மனதார நம்பினான். மேட்டூர் அணைத் தண்ணீர் தேங்கி நிற்கும் அந்தக் கரையில், ஐந்து குடும்பங்கள் சேர்ந்து வாங்கிய பைபர் படகுக்கு அவன்தான் ஓட்டுநர். வலை இழுக்கமாட்டான்; இடுப்பு பிடித்துக்கொள்ளுமாம். மீன் அள்ளமாட்டான், கை நாறுமாம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு மோட்டார் பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைத்தான் அவன் மீன்பிடித் தொழில் என்று சொல்லிக்கொண்டான்.

அவன் மச்சான் கொச்சியிலிருந்து ஓர் ஆழம் காட்டும் கருவியைக் கொண்டுவந்து கொடுத்தான். படகின் பின்புறம் தண்ணீருக்குள் ஒரு சென்சார் இருக்கும். அது அனுப்பும் சத்தம் தரையில் பட்டுத் திரும்பியதும், எத்தனை அடி ஆழம் என்று முன்னாலிருக்கும் திரையில் தெரியும். அவ்வளவுதான் விஷயம். மாட்டும் விதத்தைப் படம் போட்டு விளக்கிய தாளும் பெட்டியில் இருந்தது.

"தாள்ல என்னமோ போட்டிருக்குதே, படிக்கலியாப்பா?" என்று கேட்டாள் சென்னம்மாள். முப்பது வருஷமாக அந்தத் தண்ணீரில் பரிசலும் வலையுமாக இருப்பவள். படகில் அவளுக்கும் பங்கு உண்டு.

"படிச்சிட்டு மாட்றதுக்கு நான் எதுக்குக்கா? எவன் வேணாலும் மாட்டுவான்."

மாட்டினான். மோட்டார் விசிறிக்குப் பக்கத்திலேயே, படகின் அடிமட்டத்துக்கு மூன்று விரல் மேலே. நான்கு திருகாணிக்கு ஏழு ஓட்டை. மிச்ச ஓட்டைகளைச் சுவருக்குப் பூசும் பட்டி மாவால் அடைத்தான். சென்சார் ஒயரை பேட்டரி ஒயரோடு சேர்த்துச் சுற்றி, டேப் ஒட்டி, தள்ளி நின்று அழகு பார்த்தான்.

படகு நிற்கும்போது திரை ஒழுங்காகத்தான் காட்டியது. ஓடத் தொடங்கியதும் விசிறி கிளப்பிய நுரையில் சென்சாருக்கு ஒன்றும் புரியாமல், எட்டு, எண்பது, நாற்பது என்று வாய்க்கு வந்ததை உளறியது. மாட்டியவனின் குணம் அதற்கும் வந்துவிட்டது போல.

மே மாதம் தண்ணீர் இறங்கியிருந்தது. வலை எடுக்கப் போகும்போது சென்னம்மாள், "மெதுவாப் போப்பா, இங்க பாறை இருக்குது" என்றாள்.

"மிஷின் நாப்பது அடின்னு காட்டுது. உன் கண்ணு மிஷின வுடப் பெருசா?"

சொல்லி முடிக்கவில்லை. பெரிய சத்தத்தோடு படகு குலுங்கி நின்றது. விசிறியின் இரண்டு இதழ்கள் போய்விட்டன. பட்டி கரைந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் உள்ளே வந்தது. சென்னம்மாள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கினாள். தண்ணீர் அவள் இடுப்பளவு.

"நாப்பது அடியில நிக்கிறேன். நல்லாப் பாத்துக்க" என்றாள்.

தீர்த்தகிரி இறங்கவில்லை. பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "யக்கா, எனக்கு நீச்சல் தெரியாதுக்கா. வுட்டுட்டுப் போயிடாதக்கா" என்று அழுதான். ஆறு வருஷம் படகு ஓட்டியவன்! அவள் கயிற்றைத் தோளில் போட்டு, படகோடு அவனையும் சேர்த்துக் கரைவரை இழுத்து வந்தாள். கரையேறியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை, "மிஷின் டூப்ளிகேட்டு."

ஏரியூரில் இன்வெர்ட்டரும் கேமராவும் பழுதுபார்க்கும் எழிலரசியை வரவழைத்தார்கள். அவள் படகின் பின்புறத்தைக் குனிந்து பார்த்தாள்.

"இத யாருங்க மாட்டுனது?"

"யாரோ ஒரு மெக்கானிக்குங்க" என்றான் தீர்த்தகிரி.

"அவன மறுக்கா கூப்புடாதீங்க."

பழைய ஓட்டைகளைப் பைபர் பசையால் நிரப்பினாள். புது விசிறி வந்த பிறகு, சென்சாரை அதிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, முகம் படகின் அடிக்குக் கொஞ்சம் கீழே, தரையை நேராகப் பார்க்கும்படி முதலில் கட்டி மட்டும் வைத்தாள். ஓட்டிப் பார்த்தார்கள். ஓடும்போதும் எண் தாவவில்லை. மூன்று இடத்தில் படகை நிறுத்தி, சென்னம்மாள் கல் கட்டிய கயிற்றை இறக்கி அளந்தாள். திரையும் கயிறும் ஒன்றாகச் சொன்ன பிறகே திருகாணி ஏறியது. ஒயர் பேட்டரிப் பக்கமே போகாமல் மறுபக்கமாகப் போனது.

"பாசி படியும். ஈரத்துணியால தொடச்சா போதும். கத்தியால சொரண்டாதீங்க. மேல எதுவும் பூசாதீங்க."

பதினைந்தாம் நாள் தீர்த்தகிரி அதற்குச் சிவப்பு எனாமல் பெயிண்ட் அடித்தான், வீட்டு இரும்பு கேட்டுக்கு அடித்ததில் மிச்சம். துருப் பிடிக்கக் கூடாதாம். சென்சார் பிளாஸ்டிக்.

திரை வெறுமையானது. சென்னம்மாள் எழிலரசிக்குப் போன் போட்டுக் கேட்டு, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும் தின்னர் படாமல், நைசான உப்புத்தாளை நனைத்து, இரண்டு நாள் பொறுமையாகத் தேய்த்து எடுத்தாள். மூன்றாம் நாள் ஐந்து குடும்பமும் கரையில் கூடியது. சென்னம்மாள் கையை நீட்டினாள். தீர்த்தகிரி மோட்டார் சாவியைக் கொடுத்தான்.

இப்போது படகை ஓட்டுவது அவள்தான். அணைத் தண்ணீருக்கடியில் பழைய ஆற்றுப் பள்ளம் எங்கே வளைகிறது என்று திரையில் பார்த்து, வெயில் காலத்தில் கட்லா மீன் ஒதுங்கும் ஆழத்தில் வலை விடுகிறாள். கரைக்கு வந்ததும் சென்சாரைத் துடைத்துவிட்டுத்தான் மீனைப் பிரிப்பாள்.

தீர்த்தகிரி பென்னாகரம் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர்களிடம், இந்த அணைக்கே ஆழம் பார்க்கும் மிஷினைக் கொண்டுவந்தது தான்தான் என்று சொல்லிக்கொண்டிருக்கிறான். நம்புகிறவர்களும் இருக்கிறார்கள்.