அருவியைப் பார்த்துவிட்டுச் சொன்னவர்

எங்கள் அக்கா இல்லாமல் வந்த முதல் சாரல் இது. அவருடைய முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உங்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள். மீதிப் பேர் எப்போதோ அக்காவின் விடுதியில் தங்கிப் போனவர்கள். யார் எந்தப் பாதி என்று எனக்கே இப்போது குழப்பமாக இருக்கிறது.

அக்கா இலஞ்சியில் பிறந்து குற்றாலத்தில் வாழ்க்கைப்பட்டவர். மகன் பள்ளியில் படிக்கும்போதே அத்தான் காலமாகிவிட, ஆறு அறைகள் கொண்ட அந்தச் சிறிய விடுதி அக்காவின் பொறுப்புக்கு வந்தது. பிழைப்பதற்கு வேறு வழி கிடையாது. அப்படியிருந்தும், தேடி வந்த ஆட்களையே வர வேண்டாம் என்று சொன்ன மகராசி அவர்.

சீசனில் போன் செய்கிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "தண்ணி விழுதா?" என்றுதான். அக்கா காலையிலேயே பேரருவி வரை நடந்துபோய்க் கண்ணால் பார்த்துவிட்டு வந்துதான் பதில் சொல்வார். "நூல் மாதிரிதான் விழுதுய்யா. பிள்ளைகள கூட்டிக்கிட்டு அம்புட்டுத் தூரம் வந்து ஏமாறாதீங்க. அடுத்த வாரம் கூப்பிடுங்க." அறைகள் பூட்டியே கிடக்கும். 'வராதே என்று சொல்லும் விடுதி' என்று யாரோ கோபத்தில் இணையத்தில் எழுதி ஒரே ஒரு ஸ்டார் கொடுத்திருந்தார். வாசித்துக் காட்டினேன். அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "உள்ளதத்தானல எழுதியிருக்கான்!"

போன சீசனில் புற்றுநோய் அவரைத் தென்காசியில் ஒரு மருத்துவமனையில் படுக்க வைத்துவிட்டது. பெங்களூரிலிருந்து வந்த மகன், அம்மாவுக்குச் சிரமம் வேண்டாமே என்று, விடுதிக்கு வரும் போனுக்கு இயந்திரமே பதில் சொல்லும்படி செய்தான். அக்கா என் போனை வாங்கிக் கூப்பிட்டுப் பார்த்தார். "சீசன் அருமையாக உள்ளது, அறை வேண்டுமா?" என்றது இனிமையான ஒரு குரல். அன்றைக்கு வெள்ளம் பேரருவியின் பாதுகாப்பு வளைவான ஆர்ச்சைத் தாண்டிக் கொட்டியதால் அருவியில் குளிக்கத் தடை.

"ஏய்யா, இது அருவிய போய்ப் பாத்துச்சா?" என்று மகனிடம் கேட்டார்.

"அது எப்படிம்மா பாக்கும்?"

"பின்ன எப்படி வாங்கன்னு கூப்பிடுது?" அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் சொல்லுதேன்னு நம்பித்தானய்யா வருவாங்க."

அக்கா மகனான என் மருமகன் அந்தக் குரலை அன்றே எடுத்துவிட்டு, விடுதிக்கு வரும் போனெல்லாம் அம்மாவுக்கே வரும்படி மாற்றினான். அதன் பிறகு அருவிக்கரை டீக்கடை அண்ணாச்சி தினமும் காலையில் பார்த்துச் சொல்ல, அக்கா மூச்சு வாங்க வாங்கப் படுக்கையிலிருந்தே எல்லோருக்கும் பதில் சொன்னார். பேசாமல் படுங்களேன் என்றால் கேட்கமாட்டார். குரல் அடங்கும்வரை சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

அந்த அண்ணாச்சிக்கும், தாயைப் போல் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், பெங்களூர் வேலையை விட்டுவிட்டு அம்மாவின் காலடியிலேயே கிடந்த மருமகனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னொருவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் காலையில் அக்காவின் போன் அடித்தது. விருதுநகரிலிருந்து ஓர் அம்மா பேசினார். விஷயத்தைச் சொன்னேன். அழுதுவிட்டார். பிறகு தயங்கித் தயங்கி, "தம்பி, தண்ணி விழுதா?" என்று கேட்டார்.

வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது. விழுது என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது.

"இருங்கம்மா, பாத்துட்டு வந்து சொல்லுதேன்" என்று செருப்பை மாட்டினேன்.