காயாத பெயிண்டின் மேல்

பொய் சொன்னேன்.

பெயிண்ட் காய்வதற்கு முன்பே அதன்மேல் ரப்பர் ஸ்பிரேயை அடித்தேன். கேட்டபோது, நன்றாகக் காய்ந்த பிறகுதான் அடித்ததாகச் சொன்னேன். அந்தப் பொய்யால் நசீமாவின் கைவேலைக்குக் கெட்ட பெயர் வந்தது. இன்றும் அந்தப் பெயர் போகவில்லை.

நீங்கள் சிரிக்கக்கூடும். ஏனென்றால் நான் சொல்வது ரிமோட் கார் விவகாரம். ஆம், பொம்மைக் கார்! நாளிதழ் ஒன்றில் மாவட்டச் செய்திகளை எழுதியும் திருத்தியும் கொடுக்கிற, தலை நரைத்த ஒருவன், ஞாயிற்றுக்கிழமை வெயிலில் நின்று அதை ஓட்டினான். சிரித்துவிட்டு மேலே படியுங்கள்.

சிறுவாச்சூரைத் தாண்டி, விலை போகாத ஒரு மனைப் பிரிவில்தான் எங்கள் பந்தயம். கல் நட்டு, வெள்ளையடித்து, வாசலில் வளைவு கட்டி, 'நகர்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள். வீடுதான் ஒன்றுகூட வரவில்லை. பெரம்பலூரிலிருந்து நாங்கள் நாலைந்து பேர். அரியலூரிலிருந்து சிமெண்ட் ஆலையில் வேலை பார்ப்பவர்கள் சிலர். மனைக்கற்களுக்கு நடுவே கார்கள் பறக்கும். கல்லில் மோதினால் மேற்கூடு விரிசல் விட்டுவிடும்.

அந்தக் கூட்டை 'பாடி' என்போம். கண்ணாடிபோன்ற மெல்லிய பிளாஸ்டிக். பெயிண்டை உள்பக்கம் அடிப்பார்கள். நிறம் வெளியே தெரியும். அந்தப் பெயிண்டின்மேல் ரப்பர் ஸ்பிரேயை மெல்லிய பூச்சுகளாக அடித்தால், அது தோல்போலப் பிடித்துக்கொள்ளும். மோதினாலும் விரிசல் பரவாது. ஆனால் பெயிண்ட் காயுமுன் அடித்தால், பெயிண்டையும் சேர்த்து உரித்துக்கொண்டு வந்துவிடும். இதை எங்கள் வாட்ஸாப் குழுவில் எல்லோருக்கும் பாடமாக எடுத்தவன் யார் தெரியுமா? நான்தான்!

கார் ஜாகிருடையது. லப்பைக்குடிக்காட்டுக்காரர், வேலை துபாயில். விடுப்பு முடிந்து கிளம்பும்போது, "சும்மா கெடந்தா கெட்டுப்போயிடும் சார், நீங்க ஓட்டிக்கிட்டு இருங்க" என்று என்னிடம் விட்டுப் போனார்.

நசீமா அவர் மனைவி. மாடியில் தார்ப்பாய் கட்டி, அதன் நிழலில் பாடிகளுக்குப் பெயிண்ட் அடிப்பாள். உள்பக்கம் அடிப்பதால் எல்லாம் தலைகீழ் வரிசை. கோடுகளை முதலில் அடிக்க வேண்டும், பின்னணி நிறத்தைக் கடைசியில். அவளுக்கு அது கைவந்திருந்தது. அரியலூர்க்காரர்கள் பார்த்துவிட்டுத் தங்கள் பாடிகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

"பஸ் ஸ்டாண்டு பக்கமா சின்னதா ஒரு கடை போடலாம்னு இருக்கேண்ணே. இவங்களும் சரின்னுட்டாங்க" என்று ஒருநாள் சொன்னாள். சொன்னபோது அவள் முகம் எப்படி இருந்தது என்பது எனக்குத் தெரியும். பார்ப்பதுதானே என் தொழில்!

ஜாகிரின் காருக்குப் புதுப் பாடி ஒன்றை முடித்து என்னிடம் கொடுத்தாள். இலைப் பச்சை, பக்கவாட்டில் வெள்ளைக் கோடு.

"கடைசிப் பூச்சு இப்பத்தாண்ணே அடிச்சேன். ரெண்டு நாளாவது காயட்டும். அப்பறமா ரப்பரு அடிச்சுக்குங்க."

"சரிம்மா" என்றேன்.

அன்று மாலையே ரப்பர் ஸ்பிரே டப்பாவை எடுத்தேன். பந்தயத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு வாரம்! அவசரம் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. கையில் டப்பா இருந்தது, அடித்தேன்... இதைவிட அற்பமான காரணம் உலகத்தில் உண்டா? அடிப்பதற்கு முன் தொட்டுப் பார்த்தேன். விரலில் பச்சை ஒட்டியது. ஒட்டியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டும் அடித்தேன், அதுவும் ஒரே மூச்சில், கெட்டியாக.

பந்தயத்தில் கார் கல்லில் மோதி உருண்டது. பாடி விரிசல் விடவில்லை, ரப்பர் தன் வேலையைச் சரியாகவே செய்திருந்தது. ஆனால் முழுத் தோலாகக் கழன்று, பச்சையையும் சேர்த்து உரித்துக்கொண்டு தொங்கியது. மிஞ்சியது வெறும் கண்ணாடிக் கூடு.

"என்னா சார், வண்டி சட்டையக் கழட்டிட்டு ஓடுது!" என்றார் அரியலூர் முருகேசன்.

"வெயிலு தாங்கலயாம், வுடுய்யா" என்றார் பக்கத்தில் நின்றவர்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு முருகேசன், "அந்தப் பொண்ணு பாடியக் கழுவாமயே பெயிண்ட் அடிச்சிருக்கும் சார்" என்றார். புதுப் பாடியில் ஒரு பிசுக்கு இருக்கும். சோப்புப் போட்டுக் கழுவாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. நியாயமான சந்தேகம்தான். அதைத் தீர்க்க என்னிடமிருந்து ஒரு வாக்கியம் போதும்.

நான் மனைக்கல்லைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்று மாலை பாடியைக் கொண்டுபோய் நசீமாவிடம் கொடுத்தேன். ஜாகிர் வீடியோ காலில் இருந்தார். செய்தி அதற்குள் துபாய் போயிருந்தது.

"ஏ நசீமா, கழுவுனியா இல்லியா?"

"கழுவுனேங்க."

"கழுவுனா எப்புடி இப்புடி உரியும்? குரூப்புல அத்தன பேரும் கேக்குறாங்க."

"அல்லாவே, ரெண்டு தடவ கழுவுனேங்க!"

அவள் உரிந்த ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகர்ந்தாள். பிறகு என்னிடம் கேட்டாள்.

"அண்ணே, காஞ்ச பெறகுதானே அடிச்சீங்க?"

"ஆமாம்மா. நல்லா காஞ்சதுக்கப்பறம்தான்."

"சார் அதுல எல்லாம் கரெக்டா இருப்பாருல்ல. நீதான் மறந்திருப்ப" என்றார் ஜாகிர். எனக்கு எரிச்சல் வந்தது. யார்மேல் என்று நினைக்கிறீர்கள்? ஜாகிர்மேல்! கட்டிய மனைவியை நம்பாமல் என்னை நம்புகிறாரே, இப்படியும் ஒரு மனிதரா என்று!

அரியலூர்க்காரர்கள் தங்கள் பாடிகளை வாங்கிக்கொண்டு போனார்கள். "பரவால்லம்மா, நாங்களே பாத்துக்கறோம்" என்று மரியாதையாகவே சொன்னார்களாம். கடைப் பேச்சு நின்றது. 'அடுத்த லீவுல பாக்கலாம்' என்றார் ஜாகிர். அந்த விடுப்பும் வந்து போனது.

மற்றவர்கள் செய்த பிழைக்குத் திருத்தம் எழுதுவது என் வேலை. பெயர் மாறினால், ஊர் மாறினால், மறுநாளே சின்ன எழுத்தில் போட்டுவிடுவேன். இதற்கும் ஒன்றை மனத்துக்குள் எழுதி வைத்திருக்கிறேன்: 'பாடி கழுவப்படவில்லை என்பது தவறு. பெயிண்ட் காயும் முன் ரப்பர் அடிக்கப்பட்டதே காரணம். வருந்துகிறோம்.' படித்துப் பார்த்தீர்களா? அடித்தது யார் என்று அதிலும் இல்லை! குழுவில் அதைக்கூட நான் போடவில்லை.

போன மாதம் ஜாகிர் மறுபடி விடுப்பில் வந்தார். பார்க்கப் போயிருந்தேன். கையோடு புதுப் பாடி. நசீமாவே அடிக்கட்டும் என்றார். அவள் பாடியை எடுத்துக்கொண்டு கொல்லைக் குழாயடிக்குப் போனாள்.

"அண்ணே, இங்க வந்து நில்லுங்க."

போய் நின்றேன்.

"பாத்துக்குங்க, கழுவுறேன். நாளைக்கு யாராச்சும் கேட்டா நீங்கதான் சாட்சி."

"சார் சாட்சின்னா அப்பீலே கெடையாது!" என்று சிரித்தார் ஜாகிர்.

சோப்புப் போட்டுத் தேய்த்தாள். அலசினாள். மறுபடியும் தேய்த்தாள். மூலை முடுக்கெல்லாம் விரல் விட்டுத் தேய்த்துவிட்டு, தண்ணீர் சொட்டச் சொட்டப் பாடியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள்.

"சரியாண்ணே?"

"சரிம்மா."

பெயிண்ட் அடித்து முடித்து அவள் குழாயடியில் கை கழுவும்போது, ரப்பர் யார் அடிப்பது என்ற பேச்சு வந்தது.

"அண்ணனே அடிக்கட்டும்" என்றாள் நசீமா. "அவங்கதான் நல்லா காய வெச்சு அடிக்கிறவங்களாச்சே."

குத்திச் சொன்னாளா, நம்பிச் சொன்னாளா? அவள் முகத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். எத்தனையோ முகங்களைப் பார்த்துச் செய்தி எழுதியவன், அந்த நேரத்தில் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாடி இப்போது என் மேசைமேல் இருக்கிறது. தொட்டுப் பார்த்தேன்; விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. எப்போதோ காய்ந்துவிட்டது. டப்பாவைத்தான் இன்னும் எடுக்க முடியவில்லை.