ஒரு கால் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது

தொண்ணூறுகளின் கடைசியில், ஓசூரைத் தாண்டி கர்நாடக எல்லையை ஒட்டியிருந்த ஒரு கெமிக்கல் தொழிற்சாலையில் நடந்தது இது. நான் அப்போது பெங்களூரில், காவல் கேமரா பொருத்தும் கம்பெனி ஒன்றில் சர்வீஸ் வேலை பார்த்தேன்.

அந்தத் தொழிற்சாலையின் கிடங்கு வாசலில், வெப்பத்தை வைத்துப் படம் காட்டும் வெளிநாட்டு கேமரா ஒன்றை மாட்டியிருந்தோம். சூடானது திரையில் வெள்ளையாகத் தெரியும், குளிர்ந்தது கறுப்பாக. மாட்டிய நாளிலிருந்து படம் சரியில்லை என்று புகார்தான். சரிசெய்துவிட்டு ஊர் திரும்பினால் மறுநாளே போன் வரும். அன்று மழை வேறு. பஸ் மாறி, நனைந்து, சாப்பிடாமல் போய் நின்றால் மேனேஜர், "இன்னிக்கும் சரியாகலைன்னா கழட்டி எடுத்துட்டுப் போயிடும்மா" என்றார்.

வாட்ச்மேனைக் கேமரா முன்னால் நிற்கச் சொன்னேன். கிருஷ்ணகிரி பக்கத்துக்காரர், ஐம்பது வயதிருக்கும். மழைத் தண்ணீருக்காக செருப்பைக் கழற்றி, பேண்ட்டை முழங்கால்வரை சுருட்டியிருந்தார். உள்ளே வந்து திரையைப் பார்த்தேன். முகம், கை, இடது கால் எல்லாம் வெள்ளை. வலது கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே மங்கி, பாதம் ஒரே கறுப்பு.

கான்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன், குறைத்தேன். பிரைட்னஸை ஏற்றினால் பின்னாலிருந்த சுவர்கூட வெளுத்தது. அந்தப் பாதம் வெளுக்கவில்லை. லென்ஸைத் துடைத்தேன். அவரைத் தள்ளி நிற்க வைத்தேன், திரும்பி நிற்க வைத்தேன். மதியமாகிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிடும்போல் இருந்தது.

மேனேஜர் எட்டிப் பார்த்து, "பாருங்க, ஒரு காலையே காணோம்" என்றார். நீங்களும் ஒருமுறை நில்லுங்கள் சார் என்று கெஞ்சினேன். முணுமுணுத்துக்கொண்டே ஷூவைக் கழற்றி, பேண்ட்டைச் சுருட்டி வாட்ச்மேன் பக்கத்தில் போய் நின்றார்.

அவருடைய இரண்டு கால்களும் வெள்ளையாகத் தெரிந்தன.

வெளியே ஓடிப்போய் வாட்ச்மேனின் பாதத்தைத் தொட்டேன். சில்லென்று இருந்தது. கட்டைவிரல் ஓரத்தில் ஆறாத புண்.

"எத்தனை நாளாண்ணா இப்படி?"

"ரொம்ப நாளா மரத்துப்போய்த்தாம்மா இருக்குது. நடந்தா கெண்டைக்கால் இழுத்துப் புடிச்சிக்குது. நொண்டுறான்னு தெரிஞ்சா வேலைய விட்டு நிறுத்திடுவாங்களேன்னு..." பக்கத்தில் மேனேஜர் நிற்பது நினைவுக்கு வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மேனேஜர் ஜீப்பைக் கொண்டுவரச் சொல்லி டிரைவரைக் கன்னடத்தில் கூப்பிட்டார். "வேலை எங்கயும் போவாதுய்யா. முதல்ல ஏறு."

நானும் கூடவே போனேன். ஓசூர் டாக்டர் பாதத்தில் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, ரத்தக் குழாய் அடைத்திருக்கிறது என்று நேராக பெங்களூருக்கு அனுப்பினார். இரண்டு கால்விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. கால் தப்பியது.

அடுத்த முறை போனபோது வாட்ச்மேன் கேட் அருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "இப்பல்லாம் உங்க கேமராவ யாரும் குறை சொல்றதில்லீங்கம்மா" என்று சிரித்தார்.

எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அரை நாள் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தும், வலிக்கிறதா என்று கேட்கத் தோன்றாத அளவுக்கு அலுத்துப்போயிருந்தேன். இன்றும் வேலைக் களைப்பில் எதிரில் நிற்பவரிடம் எரிந்து விழப்போகும்போது, ஒரு நிமிடம் நிறுத்தி, அவருக்கு என்ன கஷ்டமோ என்று முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறக்கிறேன்.