முட்டிக்கு இறங்கிய கோடு

உத்தேசமாகப் பேசுகிறவர்களைக் கண்டாலே தாமரைக்கு ஆகாது. "மரம் நல்லா வளர்ந்திருக்கே" என்று யாராவது சொன்னால், "எங்க, இலையிலயா கட்டையிலயா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுவாள். கிள்ளானில் கல்யாணப் பந்தியில்கூட அவள் பக்கத்தில் உட்காரச் சொந்தக்காரர்கள் யோசிப்பார்கள்.

ஷா ஆலமில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் அவளுக்கு வேலை. நட்ட மரங்களை ஆண்டுதோறும் நெஞ்சு உயரத்தில் டேப் சுற்றி அளந்து, உயரத்தையும் பார்த்து, எவ்வளவு கட்டை கூடியிருக்கிறது என்று கணக்கிட வேண்டும். அளக்கும் இடம் மாறக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு மரத்திலும் மஞ்சள் பெயிண்டில் ஒரு கோடு.

தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலை, வேலியோரம் தூங்குமூஞ்சி மரங்களை நட்டுவிட்டுப் அவை வளர்ந்த கணக்கைக் காட்டிப் பசுமை விருது வாங்கக் காத்திருந்தது. இந்த வருடம் தாமரை போனபோது கோடுகளெல்லாம் முட்டி உயரத்தில் இருந்தன. அடிமரம் எப்போதுமே பருத்திருக்கும். அங்கே அளந்தால் மரம் ஒரே வருடத்தில் ஊதிப்போனதாகக் கணக்கு வரும்.

"மரம் வளர வளர கோடு கீழ வந்துருச்சு போல, அக்கா" என்றான் தொழிற்சாலை மேனேஜர் குகன், மினுமினுக்கும் சப்பாத்தில் சேறு படாமல் எட்டி நின்று.

"கோடு என்ன, லிஃப்டுல இறங்குச்சா? மரம் நுனியிலதான் உயரும், தம்பி. போட்ட கோடு போட்ட எடத்துலயேதான் நிக்கும். பொய் சொல்றதுக்காவது கொஞ்சம் படிச்சிட்டு வரக்கூடாதா?"

பழைய கோட்டைச் சுரண்டிய தழும்பு மேலே தெரிந்தது. அங்கேயே டேப்பைச் சுற்றினாள். கட்டை கூடியதாகச் சொல்லவே முடியாது. வேரடியில் சிமெண்டுக் கழிவைக் கொட்டி வைத்திருந்தார்கள்.

அலுவலகத்தில் முதலாளி வேலாயுதம் அவளுடைய அறிக்கையைத் தள்ளி வைத்தார். "கொஞ்சம் கூட்டிப் போடு லா. மரமா வந்து கம்ப்ளெய்ன் பண்ணப் போகுது?"

"அதுக்கு வாயில்ல, பாஸ். எனக்கு இருக்கு. நான் சைன் பண்ண மாட்டேன்."

வேறு ஒருவர் கையெழுத்துப் போட்டார். தாமரையைச் சுங்கை பூலோ சாலையோர மரங்களுக்கு மாற்றினார்கள். அன்று காரில் வீடு திரும்பும்போது அவளுக்கு அழுகை வந்தது. அதற்காகத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. இவர்களுக்காகவா அழுவது?

சில மாதங்களில் விருது விழாப் படம் ஆபீஸ் வாட்சப் குரூப்பில் வந்தது. குகனும் வேலாயுதமும் பல்லெல்லாம் தெரியக் கேடயத்தைப் பிடித்திருந்தார்கள். குரூப்பில் ஒரே கைதட்டல். தாமரை படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். இருவர் தலைக்கு மேலும் அதே வேலியோர மரங்களின் மொட்டைக் கிளைகள். அந்தக் கிளைகளை மட்டும் கத்தரித்து அதே குரூப்பில் போட்டாள்: "வாழ்த்துகள். நிழலுக்குக் குடை கொண்டு போனீங்களா?"