பனியில் வைத்த ரத்தம்

தெஃபோவுக்குத் தன் குதிரையைப் பற்றியும் தன் மூளையைப் பற்றியும் கொஞ்சம் அதிகமாகவே நினைப்பு. ஆப்பிரிக்காவின் லெசோத்தோ மலையில் பாதையே தெரியாமல் பனி மூடினாலும் ஆட்டு ரோம மூட்டைகளைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவான். அதனால்தான் எச்.ஐ.வி. மாத்திரை மலைக்கு வந்த வருஷம், நர்ஸ் மாலினேயோ ரத்தக் குழாய்களைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வேலையை அவனிடம் கொடுத்தாள்.

உடம்பைக் காக்கிற சிப்பாய்கள் ரத்தத்துக்குள் இருக்கிறார்கள், கிருமி முதலில் அவர்களைத்தான் தின்கிறது, எத்தனை பேர் மிச்சம் என்று எண்ணிய பிறகுதான் மாத்திரை என்று சொல்லிவைத்தாள். பத்திரமாகக் கொண்டுபோ என்றும் சொன்னாள். எது பத்திரம் என்று சொல்லவில்லை.

அறுத்த ஆட்டைப் பனியில் புதைத்துவைக்கிற ஊர்க்காரன் வேறென்ன செய்வான்? சேணப்பையில் பனியை அள்ளித் திணித்து, நடுவில் பதினாறு குழாய்களையும் செருகிக்கொண்டு சீட்டியடித்தபடி கிளம்பினான்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பார்க்கிற பெண் பையைத் திறந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அண்ணே, இது என்ன ஆட்டுத்தொடையா? உள்ள இருக்கிறது உசுரோட இருந்தாத்தான் எண்ண முடியும். எல்லாம் உறைஞ்சு செத்துப்போச்சே!"

ரத்தம் கொடுத்த பதினாறு பேரும் மறுபடி கை நீட்ட வேண்டும். பதினைந்து பேர் திட்டிக்கொண்டாவது வந்துவிடுவார்கள். மாசியபாடாவால் முடியாது. எலும்பும் தோலுமாக இருந்தவள், போன தடவையே அரை நாள் நடந்து வந்து நர்ஸின் வாசலில் விழுந்தாள். இன்னும் ஒரு மாதம் தாங்கமாட்டாள் என்று ஊரே பேசியது.

மறுநாள் காலை தெஃபோ அவள் குடிசைக்குள் தலைகுனிந்து நின்றான்.

"என் ரத்தத்தைப் பனியில போட்டு வச்சியாமே?" படுத்தபடியே கேட்டாள். "உப்புப் போட்டியா, மறந்துட்டியா?"

"தப்புதான் அக்கா. குதிரை வெளிய நிக்குது. ஏறு."

"ஏறுற தெம்பு இருந்தா நான் ஏன்டா படுத்திருக்கேன்?"

கம்பளிப் போர்வையோடு வாரி எடுத்து அவளைச் சேணத்தில் உட்காரவைத்தான். விழாமல் பிடித்துக்கொண்டு பனியில் கூடவே நடந்தான். நர்ஸ் பதினாறு பேருக்கும் மறுபடி ரத்தம் எடுத்தாள். இந்தத் தடவை குழாய்களைத் துணியில் சுற்றி, போர்வைக்கு அடியில் நெஞ்சோடு கட்டிக்கொண்டான். வழியில் களி தின்னக்கூட இறங்கவில்லை.

மாசியபாடாவின் சிப்பாய் எண்ணிக்கை நாற்பத்தொன்று. இருநூறுக்குக் கீழே போனால் மாத்திரை உண்டு. அதையும் அவனே கொண்டுவந்து கொடுத்தான்.

முதல் மாதம் முழுக்க அவளுக்கு வாந்தி. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவள் கூரையில் அடுப்புப்புகை வருகிறதா என்று பயந்து பயந்து பார்ப்பான். வந்தது. ஆறு மாதத்தில் எண்ணிக்கை நூற்றுமுப்பது ஆனது.

அடுத்த குளிர்காலத்தில் அவன் ஆஸ்பத்திரிக் காகிதத்தோடு திரும்பியபோது மாசியபாடா நர்ஸின் வாசலில் நின்றிருந்தாள். தானே நடந்து வந்திருந்தாள், தோளில் மூட்டையோடு.

"எத்தனைடா?"

"இருநூத்து இருபத்தாறு."

அவள் அழுதாள். அவனும்தான் அழுதான், குளிர்காற்று கண்ணில் பட்டதென்று சொல்லிக்கொண்டு. மூக்கைத் துடைத்துவிட்டு அவள் மூட்டையை அவிழ்த்தாள். முழு ஆட்டுத்தொடை ஒன்று.

"இதை வேணும்னா பனியில வை," என்றாள். "இது செத்ததுதான்."