அடங்கி இருக்க வேண்டிய உடம்பு

எனக்கு வேலை எலிகளோடு. எங்கள் ஊரான இரத்தோட்டையில் இதைச் சொன்னால், "பொறி வைக்கிற வேலையா?" என்று கேட்பார்கள். கண்டிப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில் வெள்ளை எலியின் முதுகில் கறுப்பு எலியின் தோலை ஒட்டுகிறோம். சும்மா ஒட்டினால் வெள்ளை எலியின் உடம்பு அதை அந்நியம் என்று தள்ளிவிடும். கறுப்பு எலியின் எலும்பு மஜ்ஜையை முன்கூட்டியே செலுத்திப் பழக்கிவிட்டால், அந்தத் தோலைத் தன்னுடையதாகவே வைத்துக்கொள்ளும். மாத்திரையே வேண்டாம். முதுகில் மை கொட்டியதுபோல் கறுப்பு ரோமத்தோடு அது தன்பாட்டுக்குத் திரியும்.

காலையில் கூண்டுகளைத் திறந்து அந்தத் தோலின் ஓரத்தைப் பார்ப்பது என் பொறுப்பு. மிருதுவாக இருந்தால் நல்லது, காய்ந்து சுருண்டால் போச்சு. திறக்கும் ஒவ்வொரு முறையும் என் தம்பியை நினைப்பேன். அவனுக்குள் இருப்பது அம்மாவின் சிறுநீரகம். அதைத் திறந்து பார்க்க வழியில்லை. உடம்பு அதைத் தள்ளாமலிருக்க அவன் ஆயுள் முழுக்க மாத்திரை விழுங்க வேண்டும். நேரம் தவறாமல் அவனை விழுங்க வைக்கும் அம்மா, தன் பிரஷர் மாத்திரையை மட்டும் அலமாரியிலேயே விட்டுவிடுவார். கேட்டால், "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்" என்பார்.

போன மாதம் ஓர் எலிக்குக் கிருமி தொற்றியது. அதுவரை சாதுவாக ஒட்டியிருந்த தோல் காய்ந்து விழுந்தது. கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடம்பு தோலையும் சேர்த்து எதிர்த்துவிட்டது. அன்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அதே நினைப்பு. வீட்டுக்குள் நுழைந்தால் கசப்பு வாடை. அடுப்பில் சீந்தில் கொடி கொதித்துக்கொண்டிருந்தது.

"யாருக்கும்மா?"

"தம்பிக்குத்தான். சோந்து போயிருக்கானே. கொஞ்ச நாளா குடுக்குறேன். எதிர்ப்பு சக்தி கூடும்னு எல்லாரும் சொல்றாங்க."

எங்கள் பக்கம் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வருவதில்லை. வேலியில் சீந்தில் இருந்தால் சீந்தில், வல்லாரை இருந்தால் வல்லாரை. அத்தனை பேரும் அவன் உடம்புக்கு எந்தச் சக்தி கூட வேண்டும் என்று வேண்டுகிறார்களோ, அதை அடக்கத்தான் அவன் மாத்திரை போடுகிறான். யார் மேல் கோபப்படுவது? அம்மா மேல் பட்டேன்.

"அந்தச் சக்தி கூடினா மொதல்ல ஒங்க கிட்னியத்தான் அடிக்கும்."

அம்மா சட்டியை இறக்கி வாழையடியில் கொட்டினார். நான் இன்னும் கொஞ்சம் மெல்லச் சொல்லியிருக்கலாம்.

மறுநாள் கிளினிக்கில் தம்பியின் இரத்தத்தைப் பரிசோதித்தார்கள். சிறுநீரகம் சுணங்கினால் ஏறும் கிரியேட்டினின் ஏறியிருந்தது. கசாயம்தான் காரணமா என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. மாத்திரையைக் கூட்டி, அடுத்த வாரம் திரும்ப வரச் சொன்னார். அந்த வாரம் முழுக்க அவன் காலும் முகமும் வீங்குகிறதா என்று பார்த்தபடியே இருந்தேன். "அக்கா என்னையும் ஒரு கூண்டுல போட்டுருக்கா" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயமாக இருந்தது.

மறு பரிசோதனைக்கு முந்தின நாள், அம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அந்த எலிங்களுக்கு என்னத்தக் குடுத்து அடக்குறீங்க?"

"தோல் குடுத்த எலியோட மஜ்ஜைய."

"அப்ப எங்கிட்டயும் எடுத்துக்கச் சொல்லு."

"எலிக்கு சரி வருதும்மா. மனுசங்களுக்கு இப்பதான் அங்கங்க செஞ்சு பாக்குறாங்க. நம்மகிட்ட வர எத்தன வருசம் ஆகுமோ."

"வந்தா, கிட்னி குடுத்த ஆளுதான் மஜ்ஜையும் குடுக்கணுமா?"

"ஆமா."

அம்மா அலமாரியைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப அதுவரைக்கும் நான் இருக்கணுமே" என்றார். "அந்தப் பிரஷர் மாத்திரைய எடு. தண்ணியும் கொண்டா."