நெடுந்தீவின் பச்சைப் பூட்டு

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு யாழ்ப்பாணத்தில் குறிகட்டுவான் பேருந்து ஏறி, யன்னலோர இருக்கையைப் பிடித்தபோதே எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பையில் ஒரு மடிக்கணினி, இரண்டு சிம் அட்டைகள், ஒரு பொதி வடை. போவது நெடுந்தீவுக்கு. வேலை, லினக்ஸின் மானத்தைக் காப்பாற்றுவது.

சுகந்தி என்னோடு படித்தவள். நெடுந்தீவில் வீட்டிலிருந்தபடியே கொழும்பு நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்க்கிறாள். அலுவலகக் கோப்புகளைத் தொட அவளுக்கு வி.பி.என். வேண்டும், பொது இணையத்துக்குள்ளே அலுவலகம் தனக்கென்று போட்டுக்கொண்ட பூட்டிய பாதை அது. அவளுடைய கணினியில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் இயங்குதளத்தை ஏற்றிக் கொடுத்தவள் நான்தான். பாறை மாதிரி நிற்கும் என்று வாய்ச்சவடாலும் விட்டிருந்தேன். பாறை நாளுக்கு நாலைந்து தடவை சரிந்தது. இன்று மதியம் ஒரு மணிக்கு நடக்கும் கூட்டத்திலும் தொடர்பு அறுந்தால், திங்கள் முதல் கொழும்புக்கே வேலைக்கு வந்துவிட வேண்டும் என்று மேலாளர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடம் போகும் மகளையும் கூட்டிக்கொண்டு அவள் அங்கே அறை தேட வேண்டும். அதற்காக என் பெரிய சூட்கேசை ஏற்கெனவே இரவல் வாங்கிப் போயிருந்தாள்.

பண்ணைப் பாலம், மண்கும்பான், வேலணை, பிறகு புங்குடுதீவுக்குக் கடலை வெட்டிப் போகும் தெரு. இரு பக்கமும் தண்ணீர் பளபளத்தது. எத்தனை தடவை போனாலும் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிடும். குறிகட்டுவான் துறையில் ஒரு ரோல்ஸும் பால் விடாத பிளேன்ரீயும் நூற்றறுபது ரூபாய். சூட்டோடு விழுங்கிவிட்டுப் படகில் ஏறினேன்.

பக்கத்தில் அரிசி மூட்டையோடு ஓர் அக்கா.

“என்ன பிள்ளை, ஊர் பாக்கவோ?”

“இல்லை அக்கா, சிநேகிதியின்ர கொம்பியூட்டர் பாக்கப் போறன். அலுவலகத் தொடர்பு அடிக்கடி அறுந்து போகுதாம்.”

“நெடுந்தீவில எது பிள்ளை அறாமல் நிண்டது? கடல் எழும்பினா இந்தப் படகே ஓடாது.”

ஒரு மணி நேரக் குலுக்கலுக்குப் பிறகு நெடுந்தீவின் மாவலித்துறை. அங்கிருந்து ஓட்டோவில் சுகந்தி வீடு. தொலைக்காட்சிக்கு ஒரு துணி, மின்விசிறிக்கு ஒரு துணி, தையல் இயந்திரத்துக்குப் பழைய சேலை என்று வீட்டில் எல்லாமே முக்காடு போட்டிருந்தன. வாசலோரம் என் சூட்கேஸ், பாதி நிரம்பியபடி. அதைத் தாண்டி நேரே கணினிக்கு முன்னால் போய் உட்கார்ந்தேன்.

“சிக்னல்தான் பிழை,” என்றாள் சுகந்தி. “மனேஜரும் அதைத்தான் சொல்லுறார். தீவு எண்டா இப்பிடித்தான்.”

சோதித்தோம். ஒன்றரை மணி நேரம் வி.பி.என். இம்மியும் அசையவில்லை. சிம்மை மாற்றினேன், அப்போதும் அறவில்லை. வைத்தியர் வந்ததும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி அது சமர்த்தாக இருக்க, எனக்கோ எரிச்சல் பற்றிக்கொண்டு வந்தது.

“இரும், தேத்தண்ணி போட்டுக்கொண்டு வாறன்.” எழுந்தவள் மடிக்கணினியை மூடி, மேலே பூப்போட்ட துணியொன்றை இழுத்து விட்டாள்.

“ஏனப்பா மூடினனீர்?”

“உப்புக்காத்து. போன லப்டொப் கறள் பிடிச்சுத்தான் செத்தது. எழும்பினா மூடிப்போட்டுத்தான் எழும்புவன்.”

துணியை எடுத்துத் திறந்தேன். வி.பி.என். இணைந்திருக்கிறது என்று காட்டும் பச்சைப் பூட்டு திரை மூலையில் அழகாக எரிந்தது. கோப்பைத் திறந்தால் ஒன்றும் வரவில்லை. நான் போட்ட கூச்சலில் முற்றத்துக் கோழி ஓடியது.

“பிடிச்சிட்டன்! சிக்னல் இல்லை, இது உம்மட துணி!”

மூடினால் கணினி உறங்கும். திறந்தால் விழிக்கும், இணையமும் வந்துவிடும். ஆனால் வி.பி.என். மென்பொருளுக்குத் தான் உறங்கியதே தெரியாது. செத்த தொடர்பைக் கட்டிப்பிடித்தபடி பச்சைப் பூட்டைக் காட்டிக்கொண்டிருக்கும். என் கணினி பகல் முழுக்கத் திறந்தே கிடப்பதால் இந்தக் கூத்தை நான் கண்டதே இல்லை.

“இனி மூடாதேயும்.”

“அது மட்டும் ஏலாது.”

ஊரோடு ஒத்து வாழ் என்பது மென்பொருளுக்கும்தான். விழித்தவுடன் பழைய தொடர்பை அறுத்துப் புதியதைக் கட்டும்படி நாலு வரிக் கட்டளை எழுதினேன். முதல் தடவை தோற்றது. இணையம் வருவதற்கு முன்பே அவசரப்பட்டுவிட்டது. கொஞ்சம் பொறுத்திருக்கச் சொல்லி இன்னொரு வரி சேர்த்தேன். மூடினோம், திறந்தோம். கோப்பு வந்தது!

ஒரு மணிக்குக் கூட்டம். மேலாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே, ஒரு நிமிடம் பொறுங்கள் என்று எழுந்த சுகந்தி, நான் தடுப்பதற்குள் வழக்கம்போல் கணினியை மூடித் துணியையும் போட்டாள். திறந்தாள். பூட்டு சாம்பலாக நின்றது, நின்றது, பிறகு பச்சையானது. கூட்டத்தில் மறுபடி நுழைந்தாள். கோப்பைத் திறந்தே காட்டினாள். மேலாளர் இன்று உங்கள் ஊரில் கடல் அமைதியா என்று கேட்டார். காரணத்தை அவள் சொன்னதும் சிரித்துவிட்டு, திங்களும் அங்கிருந்தே வேலை செய்யுங்கள் என்றார். இருவரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம்.

மாலைப் படகுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டவள் தண்ணீரைப் பார்த்தபடி சொன்னாள்: “இவ்வளவு காலமும் சும்மா கடலைத் திட்டிப்போட்டன்.” பிறகு என் சூட்கேசை என் கையில் தந்தாள்.

படகுக்கார அண்ணை அதை வாங்கக் கை நீட்டினார். “பாரமோ தங்கச்சி?”

“இல்லை அண்ணை,” என்றேன், பல்லெல்லாம் தெரிய. “வெறும் பெட்டி.”